எதிர் நாற்காலி

“போகட்டும் சார். நான் அதையெல்லாம் அப்பவே மறந்துட்டேன்.”

பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவனுக்காக, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியரே இப்படிப் பதில் சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

மனநல ஆலோசகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடேயப்பா, எவ்வளவு சுலபம்! தண்டித்தவரே தண்டனை பட்டவனுக்கும் சேர்த்துப் பேசி முடித்துவிட்டார்.

இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் தானாகவும் மற்றதில் அந்தப் பையனாகவும் மாறி மாறிப் பேசச் சொன்னதும் அவள்தான். அது அவள் வைத்தியத்தில் ஒரு பாகம்.

தூக்கம் வரவில்லை என்று வருகிறவரிடம் தூக்கத்தை மட்டும் விசாரிக்கிற ஆளில்லை அவள். என்ன சாப்பிடுகிறீர்கள், எந்த முழங்கால் வலிக்கிறது, யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எங்கே வேலை பார்த்தீர்கள் என்று முழு ஆளையும்தான் பார்ப்பாள்.

அப்படிக் கேட்டதில், முதல் வாரமே அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் வந்தது. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், காணாமல்போன பேனாவுக்காக ஒரு பையனைச் சாமான் அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறார். பூட்டியதை மறந்து வீட்டுக்கும் போய்விட்டார். மறுநாள் காலையில் காவலாளிதான் திறந்தாராம். பேனா பிறகு இவர் மேசை இழுப்பறையிலேயே கிடைத்ததாம்.

கதவைத் தட்டும் சத்தம் இன்னும் காதில் கேட்கிறதாம். கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும்.

அந்தப் பையன் அவளுடைய அண்ணன். இன்றுவரை லிப்டில் ஏறமாட்டான்.

அன்றே இவரை வேறொருவரிடம் அனுப்பியிருக்க வேண்டும். தொழில் தர்மம் அதுதான். அவள் அனுப்பவில்லை. எட்டு வாரமாகச் சாயங்காலம் நடக்கவைத்தாள், மூன்றாவது காப்பியை நிறுத்தினாள், பேசாத தங்கையோடு பேசவைத்தாள். ஆளைத் தேற்றினாள். கேட்கவேண்டியதைக் கேட்கும்போது சுருண்டு விழுந்துவிடக் கூடாதே!

தலைமையாசிரியருக்கு அங்கே ஒரே ஒரு குறைதான். அறைக் கதவைச் சாத்துவதே இல்லை, வெறும் திரை. வாராவாரம் கேட்பார், இங்கே சாத்துவதில்லை என்பாள்.

மற்றபடி, வாசல் மேசையில் பதிவேடு பார்க்கிறவரைக்கூட அவருக்குப் பிடித்திருந்தது. வந்ததும் தண்ணீர் கொடுப்பார், அதிகம் பேசமாட்டார். நல்ல அடக்கமான ஆள் என்று இரண்டு தரம் பாராட்டியிருக்கிறார்.

இப்போது கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

“உட்காருங்க சார். அந்தப் பதிலை நீங்க சொல்லக்கூடாது” என்றவள், திரைப் பக்கம் திரும்பினாள். “அண்ணா, உள்ள வா.”

பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, வாசல் மேசைக்காரர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

எதிர் நாற்காலியில் உட்காரும் முன்னால் திரும்பிப் போய், முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, தன் கையாலேயே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.