ஒரு தூக்கத் தொலைவு

விமானத்தின் சரக்கு அறைக்குள் ரொட்டித் துணுக்கு தேடி ஏறிய தாய்ச் சுண்டெலி, வயிறு நிறையத் தின்றுவிட்டு அங்கேயே தூங்கிப்போனது. விழித்தபோது கதவு திறந்திருந்தது. குதித்து இறங்கி ஓடியது.

ஓடுதளத்தின் ஓரத்தில் ஆலா என்னும் கடற்பறவை களைத்துப்போய் உட்கார்ந்திருந்தது.

“அக்கா, அந்த வேப்பமரம் எந்தப் பக்கம்? அதன் அடியில்தான் என் வளை. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை, பால் கொடுக்க வேண்டும்.”

ஆலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “வேப்பமரமா? இந்த நாட்டிலேயே அது கிடையாதே! கடலுக்கு அந்தப் பக்கத்து விமான நிலையத்திலிருந்தா வருகிறாய்? நானும் அங்கிருந்துதான் புறப்பட்டேன். வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது.”

“கடலா? நான் ஒரு தூக்கம்தானே தூங்கினேன்!”

எவ்வளவு சொல்லியும் சுண்டெலி நம்பவில்லை. ஆலா அதை மணல்மேட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டியது. கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர்.

அப்போது பெரும் இரைச்சலோடு ஒரு விமானம் அவற்றின் தலைக்கு மேலே கடலை நோக்கிப் பறந்தது.

“அது எங்கே போகிறது, அக்கா?”

ஆலா நிமிர்ந்து பார்த்தது.

“உன் ஊருக்குத்தான்” என்றது. “நீ வந்த விமானம் அது.”