கவிழ்த்து வைத்த மாளிகை

“அந்த மாளிகை மட்டும் வேண்டாங்க. அங்க கொலை நடந்திருக்கு,” என்றேன்.

“அப்ப கூட்டம் இருக்காது. நிம்மதியா பாக்கலாம்,” என்றார் கணவர். கறிக்கடைக்காரர், விடுமுறையிலும் கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே ஒரு தொடை எலும்பை ஒரே வெட்டில் பிளந்தார்.

சுற்றுலாவில் பார்க்க வேண்டிய பழைய மாளிகைகளின் படங்கள் சமையலறை மேசையில் பரவிக் கிடந்தன. பிடிக்காததைக் கவிழ்த்து வைப்பது எங்கள் வீட்டு முறை. நான் கவிழ்த்ததை அவர் நிமிர்த்தினார். படத்திலிருந்த மாடி நடையில் அவருடைய கட்டைவிரலில் ஒட்டியிருந்த கறி ரத்தம் பதிந்தது.

அந்த நடையில்தான் நூறு வருடங்களுக்கு முன்பு வீட்டுக்காரன் தன் மகளையும் மகனையும் வெட்டிச் சாய்த்தானாம். மனைவி மட்டும் பிழைத்தாள். எப்படி என்று படத்தின் பின்னால் போடவில்லை.

“பொண்ணு சொல்லட்டும்,” என்றார்.

எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. இன்னும் எழுத்துக்கூட்டவும் தெரியாது. படத்தில் ரத்தத்துக்குப் பக்கத்தில் மூடியிருந்த கதவின் மேல் விரலை வைத்தாள்.

“போலாம்,” என்றாள்.

அவர் கத்தியைத் தீட்டத் தொடங்கினார். அவள் என் காதருகே வந்தாள்.

“நானும் தம்பியும் தட்டுவோம். இந்தத் தடவையாவது கதவைத் திறம்மா.”