தீபாவளி லீவு

பத்தொன்பது மணி நேரமாகக் கள்ளன் உள்ளேயே இருந்தான்.

இப்படியொருத்தனை அஞ்சலின் பார்த்ததில்லை. வருகிறவர்கள் கிடைத்ததை அள்ளிக்கொண்டு அரை மணி நேரத்தில் போய்விடுவார்கள். அள்ளியது அத்தனையும் பொய் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரியவரும்.

அந்தத் தேயிலைக் கம்பனி பொய். அதன் தோட்டம், ஆட்கள், சம்பளக் கணக்கு எல்லாம் பொய். கள்ளர்கள் வந்து மாட்டிக்கொள்ளட்டும் என்று அவளே கணினியில் கட்டிய பொறி. உள்ளே வந்தவன் எதைத் தட்டினாலும் அவள் திரையில் விழும்.

பதுளை பஸ் ஸ்டாண்டைப் பார்த்த ஒரு ஃபார்மசியின் மாடியில் அவர்கள் மூன்று பேர். முதலாளி றிச்சர்ட், நப்ரீஸ், அவள்.

"என்ன தங்கச்சி, உங்கட ஆள் இன்னும் போகல்லயா?" என்றான் நப்ரீஸ். "பாவம், ஒரு பிளேன்டீ ஊத்திக் குடுங்களேன்."

அவள் சிரிக்கவில்லை.

காலையில் கள்ளன், தோட்டத்து ஆட்கள் எந்தெந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்று பேர் போட்டிருக்கும் செக்ரோலைத் திறந்தான். பிறகு ஆங்கில எழுத்தில் ஒரு வரி தட்டினான். வாசித்தால் தமிழ்.

"தீபாவளிக்கு எவன்டா மலைக்குப் போயி கொழுந்து எடுத்தான்?"

அப்படியொரு கட்டளை இல்லை என்று கணினி தன்பாட்டுக்குப் பதில் சொன்னது.

அஞ்சலினுக்கு முகம் சுட்டது. கிறிஸ்மஸுக்கு எல்லாருக்கும் லீவு போட்டவள், தீபாவளியை மறந்திருந்தாள். தோட்டத்தில் பிறந்தவனைத் தவிர வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது.

யாரிடமும் சொல்லாமல் திருத்தினாள். தீபாவளியன்று தோட்டத்து ஆட்கள் நானூறு பேருக்கும் லீவு.

திருத்திய பிறகுதான் உறைத்தது. உள்ளே வந்தவனோடு எக்காரணம் கொண்டும் பேசக்கூடாது என்று றிச்சர்ட் முதல் நாளே சொல்லியிருந்தார். அவள் ஒரு சொல்கூட எழுதாமல் பேசிவிட்டாள்.

கள்ளன் அதே பக்கத்தை மறுபடி திறந்தான். மூடினான். பிறகு நான்கு வரி எழுதினான், அவசர அவசரமாக, எழுத்துகள் இடம் மாறி விழ.

அந்த நான்கு வரியையும் அவள் மற்றவர்கள் கண்ணில் படாமல் திரையில் மேலே தள்ளினாள்.

இரண்டு தரம் றிச்சர்ட்டிடம் சொல்லப் போனாள். இரண்டு தரமும் அவர் போனில் இருந்தார். அதற்குப் பிறகு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பொய் எழுதுவதுதான் அவள் வேலை. அடுத்தவன் எழுதுவது பொய்யா என்று மட்டும் அவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

பகலில் கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் இந்தப் பொறியை வாங்கினால் அலுவலகம் இன்னும் ஒரு வருஷம் ஓடும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு பூட்டவேண்டியதுதான்.

றிச்சர்ட் திரையில் கள்ளனைக் காட்டினார். வந்தவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கூண்டுக்குள் இருப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"இப்ப உங்க கண்ணு முன்னாலயே கதவைச் சாத்துறோம்" என்றார் றிச்சர்ட். "அஞ்சலின், லைன வெட்டிடும்மா."

வெட்டினால் அவனை இனி எங்கேயும் தேட முடியாது. வெட்டாமல் இருக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். பொறியைக் கள்ளன் கண்டுபிடித்துவிட்டான் என்று வாங்க வந்தவர்கள் முன்னால் சொல்ல வேண்டும்.

விரல் என்டர் கட்டையின் மேல் இருந்தது. அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

"அஞ்சலின்?"

"இவ்வளவு நேரமா இவன் ஏன் போகாம இருக்கான்?" வந்தவர்களில் ஒருவர் றிச்சர்ட்டைத்தான் கேட்டார்.

பதில் சொன்னது அவள். முதலில் அவளுக்கே கேட்காத குரலில். பிறகு, எல்லாரும் திரும்பிப் பார்க்க, உரக்க.

"அவரு பேரு கஜேந்திரன். ஊரு மடுல்சீமை. கம்ப்யூட்டர் வேலைன்னு கூட்டிக்கிட்டுப் போயி, மியன்மார்ல ஒரு கட்டடத்துல அடைச்சு வச்சிருக்காங்க. திருடித் தரலைன்னா அடிக்கிறாங்களாம். இது பொறின்னு தெரிஞ்சுதான் அவரு போகாம இருக்காரு, அண்ணா. பொறின்னா யாராவது பாத்துக்கிட்டே இருப்பாங்களாம்."