ஐந்தாவது காரணம்

"இதை உனக்கு யார் எழுதிக் கொடுத்தா?"

வரலாற்று வாத்தியார் அவளுடைய கட்டுரையைத் தூக்கிப் பிடித்து, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கேட்டார். கோட்டை எப்படி வீழ்ந்தது என்று நான்கு பக்கம்.

அவளேதான் எழுதினாள். அதைச் சொல்ல இரண்டு சொல் போதும். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் அவளுக்கு வாய் காதுவரை நீளும். வெளியே கிளம்பும்போது அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுவாள்.

மறுநாள் காய்ச்சல் என்றாள். அந்தக் காய்ச்சல் நான்கு வருடமாக இறங்கவில்லை.

இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறாள். பாழான தாள்களின் வெள்ளைப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்து, டோனர் பெட்டிக்கு அடியில் ஒளித்து, அதே கோட்டையின் கதையை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஏழு நோட்டு ஆயிற்று. ராஜா இன்னும் குளித்து முடித்தபாடில்லை.

போன பருவத்தில் அதே வாத்தியாரின் கையெழுத்துப் பாடக்குறிப்பு அவள் மேஜைக்கு வந்தது. மானிட்டருக்கு மேலே அவளுடைய வகிடு மட்டும்தான் தெரியும். அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

கோட்டை வீழ்ந்ததற்கு அவர் நான்கு காரணம் எழுதியிருந்தார். நான்கையும் அடித்து முடித்த வேகத்தில், பக்கத்தில் விரிந்து கிடந்த தன் நோட்டிலிருந்து ஐந்தாவதையும் அடித்துவிட்டாள்.

பிழை பார்க்கும்போது கண்ணில் பட்டது. நன்றாகத்தான் இருந்தது. விட்டுவிட்டாள்.

இன்று வாத்தியார் வந்து அந்தத் தாளை மேஜைமேல் அறைந்து வைத்தார்.

"நாப்பது பிள்ளைங்களும் பரீட்சையில இதை எழுதி வச்சிருக்குதுங்க. ஆளுக்கு ரெண்டு மார்க் போச்சு. நான் கொடுத்ததுல இது இல்லவே இல்ல. யாரு எழுதினது?"

மொத்தம் எண்பது மார்க். படித்த காலத்தில் அவள்கூட வரலாற்றில் அவ்வளவு வாங்கியதில்லை.

கடைக்கார அண்ணன் கையைப் பிசைந்தார். "கரண்ட் போய்ப் போய் வந்துச்சு சார். மெஷினே எதையாவது சேத்திருக்கும்."

மெஷினாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தப்பும். வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான் அவளுக்குக் கைவந்த கலை.

எழுந்து நின்றாள்.

"நான்தான் சார்."

நான்கு வருடத் தாமதம். அதுவும், பாராட்டு வாங்கவேண்டிய இடத்தில் வராத குரல், திட்டு வாங்கவேண்டிய இடத்தில் கணீரென்று வந்து தொலைத்தது.

அவர் அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்துவிட்டு, அந்த வரியை உதடு அசையப் படித்தார்.

'ஐந்து: அன்று காலை கதவு காத்தவனுக்குக் கடைவாய்ப்பல் வலி.'

அன்று வகுப்பில் அவர் தூக்கிப் பிடித்த கட்டுரையின் முதல் வரியும் அதுதான்.

திட்டினாலும் சரி, மன்னிப்புக் கேட்டாலும் சரி, இரண்டுக்கும் அவளிடம் பதில் தயார். மூன்றாவது நோட்டிலேயே எழுதி வைத்திருந்தாள்.

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.