சிவப்பு வண்டிக்கு இருபத்தொரு கேள்வி

“இந்த வண்டி இன்னும் எத்தனை நாளைக்குங்க பாய் உசுரோட இருக்கும்?”

கேட்டுவிட்டு ரங்கம்மாள் கைப்பையிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். பீர் முகம்மது பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

கணபதி ஏரியாவில் முப்பது வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் அவர். ரங்கம்மாள் வீட்டு வண்டிகள் எல்லாம் அவர் கையில்தான் சர்வீஸ். அந்த அம்மாவின் மகன் நவநீத் பத்து நாளைக்கு முன்னால் வாங்கி, இப்போது சர்வீசுக்கு விட்டிருக்கும் இந்த இருபது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக்கூட, கோத்தகிரி எஸ்டேட் ஒன்றில் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் பாய்தான். வண்டிக்கு நான் பொறுப்பு என்று நெஞ்சில் கை வைத்து வேறு சொல்லியிருந்தார். இப்போது அம்மா ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் போதும், மகன் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். முப்பது வருடப் பேரும் அதோடு போய்விடும்.

அம்மா வந்தது மகனுக்குத் தெரியாது. அவன் மில்லுக்குப் போன பிறகு ஆட்டோ பிடித்து வந்திருந்தார். நோட்டில் இருபத்தொரு கேள்வி இருந்தது. மருமகளைப் பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் மூன்று கேள்விக்கு மேல் கேட்டதில்லை.

ஆயில் எப்போது மாற்றுவது என்று ஆரம்பித்தார். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை, ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை என்றார் பாய். டைமிங் பெல்ட்? பழைய ஓனரிடம் மாற்றியதற்கு பில் இல்லை, அதனால் யோசிக்காமல் புதுசு போட்டாகிவிட்டது என்று, கழற்றிய பெல்ட்டையே எடுத்து வந்து காட்டினார்.

டயரில் பட்டன் தேயாமல் இருந்தால் போதுமா என்பது அடுத்தது. போதாதாம். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தில் எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று இருக்குமாம், ஆறு வருடம் தாண்டினால் மாற்றிவிட வேண்டுமாம். பாய் குனிந்து காட்ட, அம்மாவும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடவே குனிந்து நான்கு டயரையும் படித்தார்.

“ரேடியேட்டருக்கு நம்ம சிறுவாணித் தண்ணி ஊத்துனா ஆகாதுங்களா?”

பாய் தயங்கினார். சிறுவாணியைக் குறை சொல்லிவிட்டு இந்த ஊரில் எவன் தொழில் பண்ணுவது?

“குடிக்கறதுக்கு அதை அடிச்சுக்க ஆளில்லீங்கம்மா. இஞ்சினுக்கு மட்டும் கூலண்ட்டுங்க” என்று பக்குவமாக முடித்தார்.

ஷெட்டிலேயே நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார் அம்மா. பேட்டரி இறங்கும், எலி ஒயரைக் கடிக்கும், வாரத்தில் ஒரு நாளாவது நன்றாகத் தொலைவுக்கு ஓட்டிவிட்டு வர வேண்டும் என்றார் பாய். அதை எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தார் ரங்கம்மாள். சரிதான், வண்டி மேல் குற்றப்பத்திரிகை தயாராகிறது என்று நினைத்துக்கொண்டார் பாய்.

அப்புறம்தான் அந்தப் பேச்சு வந்தது.

“போன ஞாயித்துக்கெழம புருசனும் பொண்டாட்டியும் இதுல மேட்டுப்பாளையந் தாண்டி மலைக்குப் போயிட்டு வந்தாங்க. நான் மட்டும் ஊட்டுல இருந்தேன். ஒம்பது வருசத்துல அதுதானுங்க மொதத் தடவ.”

பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டுப் பழக்கம் அவருக்குத் தெரியும். நவநீத்தும் பிரத்யுஷாவும் கல்யாணமான நாளிலிருந்து, ‘நீங்களும் வாங்கத்தே’ என்று கூப்பிடாமல் எங்கேயும் கிளம்பியதில்லை. அப்படி மருமகள் மரியாதையாகக் கூப்பிட்ட பிறகு வரவில்லை என்று சொல்வதும் அங்கே வழக்கமில்லை.

ஊட்டி, வால்பாறை, ஏற்காடு என்று எந்த மலைக்குப் போனாலும் பெரிய காரின் பின்சீட்டு அம்மாவுக்குத்தான். சர்வீசுக்கு வரும்போதெல்லாம் அந்தச் சீட்டுப் பையில் காய்ந்த எலுமிச்சம்பழமும் நாலைந்து பிளாஸ்டிக் கவரும் கிடக்கும். பாய்தான் எடுத்துப் போட்டுவிட்டுத் துடைத்து வைப்பார். இந்தச் சிவப்பு வண்டியிலோ மொத்தமே இரண்டு சீட்டு.

பெற்றவளை வீட்டில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி ஒரு வண்டியை நாமே தேடிக் கொடுத்தோமே என்று பாய்க்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. வேலைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரங்கம்மாள் கடைசிக் கேள்விக்கு வந்தார்.

“இதுல பின்னாடி இன்னொரு சீட்டு போட முடியுங்களா பாய்?”

பாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதற்கா இத்தனை சுற்று? சீட்டுக்குப் பின்னால் பெட்டி வைக்கிற இடத்தைக் கையால் அளந்து காட்டினார். கம்பியை வெட்டி, குஷன் வைத்து, பெல்ட்டும் மாட்டித் தன் செலவிலேயே செய்து தருவதாகச் சொன்னார். அம்மா சம்மணம் போட்டே உட்காரலாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சேர்ந்தே மலைக்குப் போகலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

ரங்கம்மாள் இதை மட்டும் எழுதவில்லை. முகம் தொங்கிப் போய்விட்டது. நோட்டை மூடிக் கைப்பையில் வைத்தார். வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, பாயின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“சாயங்காலம் எம்பையன் இதையே கேக்க வாரானுங்க. முடியவே முடியாதுன்னு சொல்லிப்போடுங்க.”