கண்காணிப்பாளரின் தாய்

வாக்காளர் பட்டியலில் அஞ்சலையை இறந்தவள் என்று இயந்திரம் முடிவுகட்டிவிட்டது. சுயேச்சைக் கண்காணிப்பாளர் நேரில் பார்த்து அதை மறுத்தால்தான் அவளுக்கு ஓட்டு. அந்தப் பகுதிக்கு ஒரே கண்காணிப்பாளர் அவளுடைய மகள் குழலி. சொந்தக்காரருக்குச் சாட்சி சொல்லக் கூடாது என்பது விதி. குழலி அதை ஒருநாளும் மீறியதில்லை. இன்றோடு பட்டியல் மூடுகிறது.

“பெத்த பொண்ணு சொன்னா செல்லாதாடி?”

“செல்லாதும்மா.”

“அப்ப நீ என் பொண்ணு இல்லன்னு போடு.”

குழலி கையிலிருந்த பதிவுக் கருவியில் அம்மாவின் பெயரைத் திறந்தாள். பிறகு ‘உறவு இல்லை’ என்பதை அழுத்தினாள். பட்டியலில் அஞ்சலை உயிர்பெற்றாள்.

“பசிக்குது, சோறு போடும்மா.”

கரண்டியை எடுத்த அஞ்சலை, திறந்திருந்த கதவைப் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்தாள்.

“வேணாம்டி, கெளம்பு. யாராச்சும் பாத்தா என் ஓட்டு போயிடும்.”