பதினேழின் நலம்

மினுங்கியது.

ஆராய்ச்சிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நுண்ணோக்கியில் வைத்தாள். மறுபடியும் மினுங்கியது. இருட்டுக்குள் பச்சைப் பொட்டுகள் எரிந்து, அணைந்து, எரிந்தன.

ஒளிரும் சாயம் ஏற்றிய தட்டில் உயிருள்ள நரம்பணுக்கள்தான் அப்படி மினுங்கும்.

இன்று ஒன்பதாம் நாள். இதுவரை எந்தத் தட்டும் ஆறாம் நாளைத் தாண்டியதில்லை.

தட்டின் மேல் பதினேழு என்று எழுதியிருந்தது; தோல் கொடுத்தவருக்குப் பெயருக்குப் பதிலாகப் போட்ட எண். யாரோ ஒருவர் தன் கையிலிருந்து மிளகளவு தோல் கொடுத்திருந்தார்; அதிலிருந்து வளர்த்த நரம்பணுக்கள் அவை. அவருடைய அப்பாவை, மூளையை அரிக்கும் பிரையான் நோய் நாலே மாதத்தில் கொண்டுபோயிருந்தது. அந்தக் கோளாறு இவருடைய மரபணுவிலும் உண்டு. இன்னும் விழித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நரம்பணுவின் சவ்வின் மேல் ஒரு புரதம் சாதுவாக உட்கார்ந்திருக்கும். தப்பாக மடிந்த ஒன்று வந்து ஒட்டினால் அதுவும் அப்படியே மடங்கிவிடும். பிறகு அடுத்தது. சவ்வு ஓட்டையாகும். கிளைகள் சுருங்கும். வெளிச்சம் போய்விடும்.

இந்தத் தட்டில் தப்பாக மடிந்ததை அவளே ஊற்றியிருந்தாள். கூடவே, அதைச் சவ்வில் ஒட்டவிடாத புது மருந்தையும்.

மருந்து விடாத பக்கத்துத் தட்டுகள் நான்கும் இருண்டு கிடந்தன.

தினமும் காலையில் தட்டை எடுக்கும்போது நலம் விசாரிப்பது அவள் வழக்கம். கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். தோல் கொடுத்தவரின் பெயரைக் கேட்கக் கூடாது என்பது விதி; நலம் கேட்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்பாள்.

ஆய்வுக்கூடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. தொட்டியருகே, பாத்திரம் கழுவும் அண்ணன் மட்டும் குடுவைகளைக் காரநீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். கொதிக்கவைத்தாலும் அடங்காத அந்தப் புரதம் காரநீருக்குத்தான் அடங்கும்.

இரண்டு வருடமாக அங்கே வேலை செய்பவர். காலையில் வந்ததும் ஒரே கேள்வி கேட்பார்: பதினேழு எப்படி இருக்கு? லாட்டரி நம்பரா என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சந்தோஷம் அவளுக்குள் கொள்ளவில்லை. உடனே யாரிடமாவது காட்டியாக வேண்டும். ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டாள்.

அந்த நுண்ணோக்கியில் பார்க்க இதுவரை அவரை யாரும் கூப்பிட்டதில்லை. கையுறைகளைக் கழற்றி, இரண்டு முறை கை கழுவி, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, சாமி கும்பிடப் போகிறவர்போல வந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

பரபரப்பில் இன்று விசாரிக்க மறந்துவிட்டது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவருடைய தோளுக்கு மேலாகத் தட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"நல்லா இருக்கியா, கண்ணு?"

"நல்லா இருக்கேம்மா" என்றார் அவர், கண்ணை எடுக்காமல்.

தட்டுக்குக் குரல் கொடுக்கிறாரே என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பின் பாதியில்தான் மேசையைப் பிடித்திருந்த அவருடைய கை கண்ணில் பட்டது.

முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், மிளகளவு வட்டத் தழும்பு.

விதியை அவள் மீறவில்லை. எதுவும் கேட்கவில்லை.

தன் நாற்காலியை இழுத்து, சத்தமில்லாமல், அவருக்குப் பின்னால் போட்டாள்.